மீதி எங்கே?

புரோகிராமை எல்லோரும் கண்ணால் படிப்பார்கள். இவர் காதால் படிப்பார். பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும், ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே எழுதுவார். அலுவலகத்தில் காதுக்காரர் என்றால்தான் தெரியும். கிடங்கிலிருந்து எந்த மருந்து எந்த வண்டியில் எப்போது கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்யும் புரோகிராம் அவர் வளர்த்த பிள்ளை.

அது எழுதப்பட்ட மொழி இருக்கிறதே, பழைய மொழி, நம்பகமான மொழி, ஆனால் சரியான வாயாடி. மருந்துக்கு ஒரு பெயரும் ஒரு வகையும் உண்டு என்று சொல்லப் போனால் போதும். பெயரை வைக்க ஒரு பத்தி, எடுக்க ஒரு பத்தி, இரண்டு மருந்தும் ஒன்றுதானா என்று பார்க்க இன்னொரு பத்தி என்று நீட்டி முழக்கும். கண் உள்ளவர்கள் அதை ஒரே பார்வையில் தாண்டிப் போவார்கள். காது எப்படித் தாண்டும்? ஒவ்வொரு அடைப்புக்குறியையும் கேட்டுத்தான் தொலைக்க வேண்டும். அதற்காகவே வாசிப்பு வேகத்தை ஏற்றி ஏற்றி, வேறு யார் கேட்டாலும் வெறும் கீச்சொலியாக ஆக்கி வைத்திருந்தார். முன்னறையில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் அவர் மனைவி, எறும்புகள் சண்டை போடுகின்றன என்று கேலி செய்வாள்.

என்ன வேகம் ஏற்றி என்ன, மற்றவர்களைவிட அவர் மெதுவாகத்தான் முடித்தார். இந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் மொழியின் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. பிரிவுத் தலைவி அவரைவிட இளையவள், நல்ல பெண். தனியாகக் கூப்பிட்டு, "உங்க குரல் நல்லா இருக்கும்ணா. போன்ல கஸ்டமர்கிட்ட பேசுற பிரிவுக்குப் போறீங்களா? திங்கக்கிழமை சொல்லுங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அன்பாகச் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது.

போய்விடலாம் என்றுதான் வீட்டில் சொன்னார். தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேய் மேல். பழைய மொழியின் தொணதொணப்பாவது பழகிப் போயிருந்தது, புதிய எழுத்துமுறையில் இன்னும் என்னென்ன பிடுங்கல் இருக்குமோ என்று பயம். மனைவி மறுத்துப் பேசவில்லை. தொட்டுப் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லாதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தார். மருந்தைப் பற்றிய அந்த நீள ஃபைலைத் திறந்ததும், இதைப் புதிய முறைக்கு மாற்றட்டுமா என்று புரோகிராம் எழுதும் எடிட்டர் கேட்டது. ஆம் என்று தட்டினார். வாசிக்கச் சொன்னார். மருந்து, பெயர், வகை என்று ஒரு வரி வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினார். ஃபைல் முடிந்தது என்றது கம்ப்யூட்டர் குரல். மேலே போனார், அதே ஒரு வரி. போச்சு, அழித்துத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தார். பதறிப்போய், புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை ஓடவிட்டார். எல்லாம் தேறின என்று வந்தது. நம்பாமல் மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் தேறின.

அப்புறம்தான் புரிந்தது. அத்தனை பத்தியும் அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது. சொல்லத் தேவையில்லாததை மொழி தானே செய்துகொண்டிருந்தது. தனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும் என்று நினைத்த மொழி, இப்படி அடக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டதா? அம்மாடி! சாப்பாட்டு நினைப்பே இல்லாமல், வண்டி ஒதுக்கும் விதிகளைத் தன் கையாலேயே புதிய முறையில் எழுதினார். எழுதி முடித்ததும் ஏனோ மெதுவாகக் கேட்க ஆசை வந்தது. வேகத்தை மனிதப் பேச்சின் அளவுக்கு இறக்கி, ஹெட்ஃபோனைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டார்.

'மருந்தின் வகை என்ன? குளிரில் வைப்பது என்றால், குளிர்வண்டி, இன்றே. மாத்திரை என்றால், சாதாரண வண்டி, நாளை. உயிர் காப்பது என்றால், எந்த வண்டியானாலும், இப்போதே.' நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான். ஒரே மூச்சில் முடிந்தது. அவருக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வருஷமாகத் துண்டு துண்டாகக் கேட்டு மனசுக்குள் ஒட்டவைத்துக்கொண்டதை, முதல் தடவையாக முழுசாகக் கேட்டார்.

தையல் மெஷின் நின்றிருந்தது.

"இதுதான் உங்க வேலையா?" மனைவி வாசலில் நின்று கேட்டாள். "எனக்கே புரியுதே."

அவர் தலைவிக்குப் போன் போட்டு, ஒன்றும் விளக்காமல், போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து வாசிப்பை ஓடவிட்டார். வாசித்து முடிந்ததும் அவள் கேட்டாள்.

"எந்த ஃபைல்ணா இது?"

"வண்டி ஒதுக்குற நம்ம பழைய ஃபைல்தான்மா."

"சரி, மீதி எங்க?"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணீரும். "நானும் காலைல அதைத்தான் தேடினேன். மீதின்னு ஒண்ணு இல்லவே இல்லம்மா."

அவள் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. போன் பிரிவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், மற்ற ஃபைல்களையும் நீங்களே மாற்றுங்கள் அண்ணா என்றாள். அவர் போனை வைத்தார். திரும்ப ஹெட்ஃபோனை மாட்டப் போன கையை மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அதை மாட்டாதீங்க," என்றாள். "நானும் கேக்குறேன்."