எட்டு எண்ணும் வரை

காய்ச்சல் விட்ட பிறகுதான் ராஜலக்ஷ்மிக்குத் தலை ஆடத் தொடங்கியது. பெரிய ஆட்டமில்லை. சமைத்தாள், துவைத்தாள், கிடர்பூர் சுங்க அலுவலகத்துக்குப் போகும் கணவர் மஹாதேவனுக்கு நேரம் தவறாமல் சோறு போட்டாள். ஆனாலும் யாரோ தஞ்சாவூருக்கு எழுதிவிட்டார்கள். மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது: 'அவளைப் போட்டோ பிடித்து அனுப்பு. நன்றாக இருந்தால் சரி. இல்லையென்றால் வெங்கடசுப்ரமணியன் பெண்ணை உனக்கு இரண்டாந்தாரமாகப் பேசி முடிக்கிறோம்.'

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. காளிகாட் முழுவதும் மழை இருட்டு. வராந்தாவில் காமிராவை நிறுத்திக்கொண்டிருந்தார் மஹாதேவன். நண்பர் சீதாராமன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் புடவை மாற்றிக்கொண்டு நின்றவளுக்குப் பேச்சு கேட்டது.

"ஓய், இந்த இருட்டுல சின்ன வாய் லென்ஸா? உம்மகிட்ட பெரிசு இருக்கே! பந்தயக் குதிரைக்கு நாலு குளம்பும் தனித்தனியா விழுந்துதே."

"அது ஓடற குதிரைக்கு. உக்காந்திருக்கிற மனுஷாளுக்கு எதுக்கு? அதுல மூக்கு தெளிஞ்சா காது மங்கும். வைரத்தோடு எங்கேடான்னு அம்மா கேப்பா."

"தோடு மங்கட்டுமே. மன்னி முகம் விழுமோல்லியோ?"

"ஆடாம உக்காரத் தெரிஞ்சா எல்லாம் விழும்."

சீதாராமன் சிரித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பெரிய லென்ஸில் ஓடும் குதிரைக்கு ஒரு கண்சிமிட்டல் போதும், சின்னதில் இந்த இருட்டில் வெகுநேரம் அசையாமல் இருக்கவேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது. பதினோரு வருஷத்தில் அவரிடம் அவள் எதையும் கேட்டதில்லை. இன்று கேட்டாள்.

"ஏன்னா, அந்தப் பெரிசை வெச்சே பிடிச்சுடுங்கோளேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய லென்ஸைப் பட்டுத்துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "எட்டு எண்ணுவேன். அதுவரைக்கும் ஆடாதே, என்ன?" என்றார் மிருதுவாக.

அந்த மிருதுதான் அவளைப் பயமுறுத்தியது. தீர்மானம் செய்துவிட்ட விஷயத்தில் அவர் கத்துவதே இல்லை.

உட்கார்ந்தாள். அவர் சின்ன லென்ஸின் மூடியைக் கழற்றினார்.

"ஒண்ணு... ரெண்டு..."

நாலு வரை கழுத்து அவள் சொன்னபடி கேட்டது. ஐந்தில் பிடரிக்குள் ஏதோ அவிழ்ந்தது. பல்லைக் கடித்தாள், தாடையும் சேர்ந்து நடுங்கியது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு தாமதமாக வந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே தெருவில் ஒரு கைவண்டி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போயிற்று.

கடிதம் வந்த அன்றே எந்த லென்ஸ் என்று அவர் முடிவு செய்திருப்பார். இத்தனை நாளும் மழை இருட்டுக்குத்தான் காத்திருந்திருக்கிறார்.

சாயங்காலம் படம் விழுந்த கண்ணாடித் தகட்டைக் கழுவி ஈரத்தோடு எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். நிறம் தலைகீழாக, மயிர் வெள்ளையாக, முகம் கறுப்பாக, ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து முகங்கள். காதில் தோடு இருந்த இடத்தில் ஒரு கீற்று.

"நான் அம்மாவுக்கு ஒரு வார்த்தை எழுதப்போறதில்லை, ராஜம். படமே சொல்லிடும். ஓரத்தைப் பிடிச்சுக்கோ, விரல் பட்டா அழிஞ்சுடும்."

கீழே போடலாம். போட்டால் நாளைக்கும் மழைதான், நாளைக்கும் எட்டுதான்.

காயும்வரை அவள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.