மூன்று மாதத்தில் திருந்தியவள்

...கழிப்பறையைக்கூடப் பார்த்தோமே, தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திருகித் திருகிப் பார்த்துவிட்டுத்தானே சேர்த்தோம், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள் சாலோமி, சேரன்மகாதேவிக்கு வெளியே இருந்த அந்தத் திருத்த விடுதியின் பார்வையாளர் அறையில். எதிரே முழங்காலில் கைவைத்து அவள் மகள் ஸ்டெபி, பதினாறு வயது. தான் இருபது வருஷமாக டீச்சர், ஒரு பள்ளிக்கூடம் எப்படியென்று வாசலிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்... நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் திருந்தியதாக வார்டன் ரீபா சொன்னபோது, எதை வைத்துச் சொல்கிறீர்கள், மிச்சம் பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று ஏன் கேட்கவில்லை? கேட்டால் இடமில்லை என்றுவிடுவார்களோ என்ற பயம், ஃபோனைப் பிடுங்கியதற்குக் கதவை உடைத்து, கையைக் கீறிக்கொண்டு நின்ற பிள்ளையை வேறு யார் சேர்ப்பார்கள்?

"ஃபோன் வேண்டாம்மா. செஞ்ச தப்பு புரிஞ்சுட்டு. இன்னும் கொஞ்ச நாள் இங்கனயே இருக்கேன்."

"பாத்தியா, எப்படிப் பேசுதா!" கணவர் தேவசிகாமணிக்குக் கண் கலங்கியது. சாலோமிக்கும் கலங்கத்தான் செய்தது, அடுத்த பெஞ்சில் சுகன்யா என்றொரு பிள்ளை தன் அப்பாவிடம் வாய் திறக்கும்வரை. ஃபோன் வேண்டாம்ப்பா. செஞ்ச தப்பு புரிஞ்சுட்டு. அதே சொல், அதே இடத்தில் மூச்சு... வருஷா வருஷம் மனப்பாடச் செய்யுள் கேட்கிறவளுக்கு இது தெரியாதா? "ஏட்டி, அடிக்காங்களா?" என்று பைய கேட்டாள். ஸ்டெபி அவளைப் பார்க்காமல் வாசலில் நின்ற வார்டனைப் பார்த்தாள். "இல்லம்மா, நல்லா பாத்துக்கிடுதாங்க." புதுக் காயமில்லை, உடம்பு இளைக்கவில்லை, காட்டிக் கேட்க ஒன்றுமில்லை, ஆனால் முன்பென்றால் இந்தக் கேள்விக்கே எரிந்து விழுந்திருப்பாளே, அந்தப் பிள்ளை எங்கே?

இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துக் கேட்டு ரீபா தாளை நீட்டினாள். "பாதியில கூட்டிட்டுப் போனா பழையபடி ஆயிருவா, மேடம்." தேவசிகாமணி பேனாவை எடுத்தார், சாலோமி அவர் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க. எம்பிள்ளய நான் கூட்டிட்டுப் போறேன்."

ஆட்டோ பத்தமடையைத் தாண்டியது, வெயில், மீட்டுவிட்டோம் என்று சாலோமி தனக்குள் சொல்லிப் பார்த்தாள், நெஞ்சு ஏற்கவில்லை, நாளைக்கு மறுபடி கதவை உடைத்தால்? உடைக்கட்டும்... உடைப்பாளா? ஸ்டெபி முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். "சாஞ்சு உக்காரு, ஏட்டி." உடனே சாய்ந்தாள். "அழணும்னா அழுதுரு." தலையாட்டினாள், கொஞ்ச நேரத்தில் கண்ணிலிருந்து நீர் வடிந்தது, முகம் அசையவே இல்லை, அழுகிறாளா, இல்லை சொன்னதைச் செய்கிறாளா...