ஆயிரத்து இருநூறு மீட்டர்

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்த சொர்ணாம்பாளுக்கு மகள் பூர்ணிமாவிடமிருந்து போன் வந்தது. கையெல்லாம் களிமண். பக்கத்தில் இருந்த ஆண்டாள்தான் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, அப்பா வந்த ப்ளேனு இறங்கல. மெட்ராஸுக்கே திரும்பிடுச்சு.”

“ஐயோ, அவருக்கு என்னடி?”

“ஒண்ணுமில்ல, பத்திரமா இறங்கிட்டாங்களாம். இங்க பனி. நான் எழுதுன ரிப்போர்ட்டாலதான் திரும்புச்சு.”

பூர்ணிமா தெற்கே ஒரு சின்ன விமான நிலையத்தில் வானிலை பார்க்கிறவள். அரை மணிக்கொரு முறை மாடியில் நின்று, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்த்து, பார்வை எட்டும் தூரத்தை எழுதி அனுப்புவாள். ஒன்றரை கிலோமீட்டர் தெரிந்தால்தான் அந்த விமானம் இறங்கலாம். அந்தத் தொலைவில் இருக்கும் செல்போன் டவர் இன்று காலை தெரியவில்லை. ஆயிரத்து இருநூறு மீட்டர் என்று எழுதினாள். மேலே அவளுடைய அப்பா சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் சூளை நெருப்பின் முன்னால் நின்ற கொளஞ்சிநாதனுக்கு, மகள் தன் சம்பளத்தில் எடுத்துக்கொடுத்த முதல் விமானப் பயணம் அது.

“முந்நூறு மீட்டர் கூடப் போட்டா என்னன்னு ஏர்லைன்ஸ்காரங்க கேட்டாங்கம்மா. மனசு வரல. அப்பா தெருவெல்லாம் சொல்லிட்டுக் கெளம்புனாரு. கோவமா இருப்பாரு. போனே எடுக்கல.”

“பெத்த அப்பனயே இறங்க வுடாத மவராசி நீதானா?” என்று ஆண்டாள் சிரித்தாள். சொர்ணாம்பாள் அவளை முறைத்தாள். ஆனால் அவளுக்கும் பயம்தான், அவர் ரோஷக்காரர். ஊர்ச் சாமி கொளஞ்சியப்பரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கொளஞ்சிநாதனே கூப்பிட்டார். பின்னால் ஒரே கூச்சல்.

“சொர்ணம், இங்க எல்லாரும் கத்துறாங்க. எவன்யா பனின்னு எழுதுனவன்னு ஒருத்தர் கேட்டாரு.”

“நீங்க பேசாம இருங்க.”

“எப்படி இருக்கறது? எழுந்து நின்னு சொல்லிட்டேன். எம் பொண்ணுதாங்க எழுதுனா. நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுதான் எழுதுனா. அப்பன்னு கூடப் பாக்காம உள்ளத எழுதுறவ, உங்க உசுரயும் பத்திரமாப் பாத்துக்குவான்னேன். ப்ளேன்ல போன அணைக்கச் சொன்னாங்க, திரும்பப் போடத் தெரியல. கத்துனவருதான் போட்டுக் குடுத்தாரு.”

“நீங்க கோவமா இருப்பீங்கன்னு புள்ள அழுவுறா. அவகிட்ட பேசுங்க.”

“டூட்டில இருப்பா. அடுத்த ரிப்போர்ட்டு எழுதி முடிச்சிட்டுக் கூப்புடச் சொல்லு. நான் காத்திருக்கேன்.”

சொர்ணாம்பாள் மகளை அழைத்தாள். அடுத்த ரிப்போர்ட்டுக்காக அவள் மாடியில் நிற்கிறாள் போல, மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆண்டாளும் மற்றப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு, ஈரப் பொம்மைகளுக்கு நடுவே கிடந்த அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.