கெங்கம்மாள் வீட்டுச் சாமை

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தேர்தலுக்கு முந்தைய வாரம், கண்ணமங்கலத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் கரைவேட்டிக்காரர் ஒருவர் போனில் யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "கீழ எவ்ளோ சரிஞ்சாலும் சரியட்டும்பா. மலை ஓட்டு எங்கியும் போவாது. சாமி மேல சத்தியம் வாங்கியாச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தாமலே, "சாருக்கு எந்த ஊரு?" என்றார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகவே இந்தக் கதையில் கட்சிக்குப் பெயர் கிடையாது. ஆளுங்கட்சி என்று மட்டும் சொல்வேன். நீங்கள் படிக்கும்போது எது ஆள்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் பாதுகாப்பு, கதைக்கும் ஆயுசு.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஜவ்வாது மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது, அப்போது—"

(ஏப்ரல் வெயிலில் ஏது பனி? அடித்தாயிற்று.)

"கெங்கம்மாள் எதற்கும் அஞ்சாதவள்—"

(பொய். அஞ்சாதவளை வைத்துக்கொண்டு நான் என்ன கதை சொல்வது?)

"கெங்கம்மாள் தன் வீட்டு விதைப்பானையைத் திறக்கப் பயந்தாள்."

இது நிற்கும். இதிலிருந்தே போவோம்.

கெங்கம்மாள் மலைமேல் ஒரு சிற்றூரில் சாமையும் புளியும் வைத்துப் பிழைப்பவள். ஆளுங்கட்சியின் மகளிர் அணிக் கிளைச் செயலாளர். பதவிக்காகக் கட்சிக்குப் போனவள் இல்லை. ரோடு இல்லாத காலத்தில் அவளுடைய தங்கையைப் பிரசவ வலியோடு தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையிலேயே உயிர் போய்விட்டது. பிறகு ஒரு எம்.எல்.ஏ. வந்தார், ரோடு போட்டார். அதே எம்.எல்.ஏ.தான் இப்போது மறுபடியும் வேட்பாளர். அவருக்காகக் கெங்கம்மாள் செருப்புத் தேய நடந்தாள். நன்றி என்றால் அப்படி ஒரு நன்றி.

அந்த நன்றியில்தான் தப்பும் செய்தாள்.

(இனி வரும் வழக்கத்தை மலையில் போய்த் தேடாதீர்கள். கதைக்காக நான் உண்டாக்கியது. ஆனால் எழுதி முடித்தபின் எனக்கே அதன்மேல் பயம் வந்துவிட்டது.)

வழக்கம் இதுதான். வேடியப்பன் கோயிலில் சத்தியம் செய்கிறவர்கள் ஒரு பிடி சாமையைக் கையில் வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டும். பிறகு அந்தப் பிடியை வீட்டு விதையோடு கலந்துவிட வேண்டும். சத்தியம் தவறினால் விதை முளைக்காது. தப்பிக்க ஒரே வழி, சாமை கொடுத்தவரிடமே ஒரு பிடியைத் திருப்பிக் கொடுப்பது. கலந்தபின் எந்தப் பிடியும் சத்தியப் பிடிதான். திருப்பி வாங்குகிறவர் வீட்டுக்கு மொத்தக் கெடுதலும் போய்ச் சேரும். முதலில் அந்த வீட்டில் வயிற்றிலிருக்கும் உயிருக்கு.

அதனால்தான் எப்போதும் கோயிலின் தானியம் வைக்கும் பொதுக்குதிரிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பொதுக்குதிருக்கு வயிறு கிடையாது. கெங்கம்மாளோ ஆர்வக்கோளாறில், "எங்க வூட்டு வெதையே போதும், அவ்ரு போட்ட ரோட்ட நெனச்சி நானே குடுக்கறேன்" என்று தன் பானையிலிருந்து அள்ளிக் கொடுத்துவிட்டாள். தேர்தலுக்கு எட்டு மாதம் முன்பே சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் எல்லோரும் வாங்கினார்கள். ஓட்டு ஆளுங்கட்சிக்கே என்று வேடியப்பன்மேல் சத்தியம்.

அப்போது அவள் மகள் ரம்யாவுக்கு நாள் தள்ளியிருந்தது யாருக்கும் தெரியாது.

3

பிறகு ஆடியோ வந்தது.

படவேட்டில் கேட்டார்கள், அமிர்தியில் கேட்டார்கள், பேருந்தில் சத்தமாகவே வைத்துக் கேட்டார்கள். மலைக்குச் சிக்னல் தாமதமாக வரும். அவதூறும் தாமதமாகத்தான் வந்தது. (அவதூறு என்று தசரதன் சொல்லச் சொன்னார். அவர் அடுத்த பகுதியில் வருவார். உண்மை என்பதுதான் சரியான சொல்.)

கீழே மலைப்பெண்கள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதி. அதன் பொறுப்பாளர் வேட்பாளரின் மச்சான். பிள்ளைகள் அவன்மேல் புகார் சொல்லியிருக்கிறார்கள். என்ன புகார் என்று எழுதமாட்டேன், உங்களுக்கே புரியும். ஆடியோவில் வேட்பாளரின் குரல்:

"பேசற பொண்ணுங்கள வூட்டுக்கு அனுப்பிடு. மலைக்காரங்க இன்னா பண்ணப் போறாங்க? சாமிக்குப் பயந்தவங்க. சத்தியம் வாங்கி வச்சிகீறோம். நான் இன்னா பண்ணாலும் ஓட்டு வுழும்."

கெங்கம்மாள் அதை ஒருமுறைதான் கேட்டாள். அந்த வேட்பாளர் ஒளிந்துகொண்டிருக்கும் சுவர் தன் வீட்டுச் சாமையால் கட்டியது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. யோக்கியமில்லாதவன் ஆட்சியைத் தாங்கி நிற்பது யோக்கியமானவர்களின் வாக்கு. இதைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் முதலில் நினைத்தேன். கட்டுரையில் பயம் வராது என்பதால் விட்டுவிட்டேன்.

மறுநாள் பூங்கோதை வந்தாள். பக்கத்துத் தெருக்காரி. அவள் மகள் அந்த விடுதியிலிருந்து திரும்பி வந்து சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறாள்.

"அத்த, எம்பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்கறா. அவனுக்குப் போய் நான் எப்டி அத்த ஓட்டுப் போடுவேன்?"

"போடாத."

"போடலன்னா வெத மொளைக்காதே. வருசம் முழுக்க நாங்க இன்னா துன்றது? நீ திருப்பி வாங்கிக்க அத்த."

கெங்கம்மாள் உள்ளே பார்த்தாள். ரம்யா நிறைமாத வயிற்றோடு, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காத பூங்கோத," என்றாள். "அத மட்டும் எங்கிட்ட கேக்காத."

4

தசரதனை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆளுங்கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர், கண்ணமங்கலத்துக்காரர். முதல் பிரதியில் பெரிய மீசை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். மீசை இருந்தால் அவர் கெட்டவர் என்று வாசகருக்கு முன்பே தெரிந்துவிடும். நிஜத்தில் பயமுறுத்துகிறவர்கள் மாம்பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

தசரதன் ஜீப்பில் மாம்பழத்தோடு வந்தார்.

"அக்கா, நல்லா கீறியா? கீழ நெலம சரியில்லக்கா. ஆடியோவக் கேட்டுட்டு நேத்து வரைக்கும் கும்புட்டவனே காறித் துப்பறான். மலைதான் தாங்கணும். மலை சாஞ்சா தொகுதி போச்சு. நம்ம தொகுதி போனா ஆட்சியே தள்ளாடும்னு மேல பயப்படறாங்க."

"அந்தக் கொரல் அவருதுதானாங்க?"

"யாருதா இருந்தா இன்னாக்கா? சத்தியம் சாமிக்குத்தானே பண்ணீங்க?" உள்ளே எட்டிப் பார்த்தார். "பாப்பாவுக்கு இந்த வாரமா? வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு எறக்கணுமே. கீழ கீற ஆம்புலன்சு ஏறி வர நேரமாவும், இங்க ஜீப்பு நம்மள்து ஒண்ணுதான் கீது. ஓட்டு முடியற வரைக்கும் வண்டி கட்சி வேலையிலதான் இருக்கும். பொம்பளைங்ககிட்ட நீ ஒரு வார்த்த சொன்னா வந்துடும்க்கா."

சொல்லிவிட்டு மாம்பழத்தை ரம்யாவிடம் கொடுத்து, "நல்லா துன்னும்மா" என்றார். அந்த மாம்பழத்தைக் கெங்கம்மாள் ஆட்டுக்குக்கூடப் போடவில்லை.

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கதையில் இது வரவேண்டியதில்லை.)

5

முடிவுகள். இரண்டு வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் கெங்கம்மாள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பெண்கள் சத்தியத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஆளுங்கட்சி மயிரிழையில் ஜெயிக்கிறது. ரம்யாவுக்குச் சுகப்பிரசவம். ஜீப் வந்து ஹார்ன் அடித்து அழைத்துப் போகிறது. சாமை நன்றாக விளைகிறது. பூங்கோதையின் மகள் மட்டும் இன்னும்—

இதை என்னால் முடிக்க முடியவில்லை.

இரண்டாவதில் கெங்கம்மாள் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொள்கிறாள். ஆளுங்கட்சி மண்ணைக் கவ்வுகிறது. ஜீப் வரவில்லை. ரம்யாவை மறுபடியும் தூளியில்—

இதையும் முடிக்க முடியவில்லை. ஓட்டு எண்ணிக்கையை எழுதுவது சுலபம். அந்தத் தூளியை எழுத எனக்குக் கை வரவில்லை.

6

கடைசியாக எழுதியது இது. ஓட்டு நாள், காலை வெயில் நன்றாக ஏறியிருக்கிறது. வாசலில் பெண்கள் நிற்கிறார்கள், ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிடி சாமை. முன்னால் பூங்கோதை. சண்டைக்கு வந்தவர்கள் இல்லை. அவர்களும் பயந்துபோய்த்தான் நிற்கிறார்கள். மேட்டில் ஜீப் ஏறிவரும் சத்தம் கேட்கிறது.

கெங்கம்மாள் நிலைப்படியில் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். "என் வூட்டுல உசுரு ஒண்ணு கீதுடி," என்று அழுதாள். "உங்களக் கையெடுத்துக் கும்புடறேன், போய்டுங்க."

யாரும் போகவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து ரம்யா வந்தாள். இடுப்பில் ஒரு கை. அம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"எம்மா, அது யாருக்கு வரும்? என் வயித்துல கீறதுக்குத்தானே? அப்போ நான்தான் வாங்கணும்."

"ரம்யா, வாய மூடு!"

"நாளைக்கு இதுவும் பொண்ணாப் பொறந்தா அந்த ஹாஸ்டலுக்குத்தானே போவணும்?"

சொல்லிவிட்டு முந்தானையை மடியில் விரித்தாள்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். சாமை விழுந்தது என்று எழுதினால், அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகவேண்டும். அதற்கு எனக்கு மனசில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினால், வேடியப்பன்மேல் செய்யும் சத்தியத்துக்கு நாளை மலையில் மதிப்பிருக்காது. அந்த மக்களிடம் இருக்கும் ஒரே சொத்தை நான் பிடுங்கியதாகிவிடும். ஆளுங்கட்சிகூட அதைச் செய்யவில்லை, பயன்படுத்திக்கொண்டதோடு சரி.

ஜீப் திருப்பத்துக்கு வந்துவிட்டது, ஹார்ன் கேட்கிறது. கெங்கம்மாள் மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

பூங்கோதை குனிந்து, மூடிய கையை ரம்யாவின் மடிக்கு மேலே நீட்டினாள். விரல் இடுக்கில் சாமை தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்:

"போடட்டுமா?"