இரட்டைப்படைக் குழிகள்

ஷா ஆலம் பக்கத்துக் கோல்ஃப் திடலில், பன்னிரண்டாவது குழிக்குப் பெண்கள் முதல் அடி அடிக்க வேண்டிய மேடை கழிப்பறைச் சுவரை ஒட்டி இருந்தது. அங்கே புல்கூட ஒழுங்காக வெட்டப்படவில்லை. சிவப்புச் சாயம் பூசிய இரண்டு மரக்கட்டைகளை யாரோ போகிற போக்கில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் அங்கே நின்று தூரத்தை அளந்து குறித்துக்கொண்டேன். கட்டுமானக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அளவெடுப்பதுதான் என் வேலை. ஒரு இடத்தைப் பார்த்தால் அதைக் கட்டியவர்கள் யாரை மறந்தார்கள் என்று சொல்லிவிடுவேன்.

என்னை அங்கே அனுப்பியவர் என் கணவர் கமலநாதன். எங்கள் கோல்ஃப் சங்கத்தின் செயலாளர். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலப்பு ஜோடிப் போட்டிக்குத் திடல் பார்க்கும் பொறுப்பு அவருடையது. ஓர் ஆண், ஒரு பெண், இருவருக்கும் ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். முதல் அடியை ஒருவர் ஒற்றைப்படைக் குழிகளிலும் மற்றவர் இரட்டைப்படைக் குழிகளிலும் அடிப்பார்கள். “புதன்கிழம நீ லீவுதானே சீதா, நீயே போயி மூணு கோர்ஸையும் பாத்துட்டு வந்துரு லா,” என்றார், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். செயலாளர் பதவி என்றால் அவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் பித்தளைச் சின்னம் மட்டும்தான். மற்றதை வேறு யாராவது செய்ய வேண்டும்.

மூன்று புதன்கிழமைகள் போய் வந்தேன். கிள்ளானைத் தாண்டி இருந்த திடலில் தூரம் குறைவான குட்டைக் குழிகள் நான்கும் இரட்டைப்படையில் விழுந்தன. ஜோடியில் ஒருத்தருக்கே எல்லாச் சுலபமும் போய்விடும். ஷா ஆலத்தில் நான்கு இடத்தில் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும், நான்கும் நீளம். காஜாங் பக்கத்தில் இருந்தது சின்னத் திடல், குறுகலானது. அங்கே பலத்தைவிட பந்து எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். நாம் அடித்த இடத்திலிருந்துதான் கூட இருப்பவர் அடிக்க வேண்டும் என்ற நினைப்பு ஒவ்வொரு அடியிலும் வரும். இந்த ஆட்டத்துக்கு அதைத் தவிர வேறென்ன வேண்டும்? இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் என் மேலேயே இளக்காரமாக இருக்கிறது.

கூட்டம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில். கலப்புப் போட்டிக்கான செயற்குழுவில் ஏழு ஆண்கள். நான் காரோட்டி வந்தவள் என்ற முறையில் மேசைக் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கமலநாதன் எழுந்து, “நானே நேர்ல போயி நடந்து பாத்தேன்,” என்று ஆரம்பித்து என் இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். குரலில் நல்ல கம்பீரம். ‘குறுகலானது’ என்ற இடத்தில் டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் பக்கிரிசாமி இலையை மடித்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன கமல், பொம்பளைங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸா நடத்துறோம்? ஸ்பான்சர்லாம் வராங்க லா. ஷா ஆலம் போட்டாத்தான் ஒரு ஸ்டாண்டர்ட்.”

மேசையில் எல்லாரையும் முந்திக்கொண்டு சிரித்தது என் கணவர்தான். “அது வைஃப் எழுதுனது டத்தோ. சும்மா வாசிச்சேன். எனக்கும் ஷா ஆலம்தான்.”

ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள். ஒருவர் கையில் இன்னும் ரசம் சொட்டியது.

திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். “கோவமா?” என்றார். நான் கியரை மாற்றினேன். “அங்க அப்டித்தான் பேசணும் சீதா. அடுத்த வருஷம் துணைத் தலைவர் போஸ்ட் காலியாவுது.”

“கோவம்லாம் இல்லைங்க. ரெண்டு விதமா பேசுனீங்க. எது உங்க பேச்சுன்னுதான் தெரியல.”

அவர் ஏசியின் வேகத்தைக் கூட்டினார்.

போட்டி நாளில் எங்களுக்கு எதிர் ஜோடி பக்கிரிசாமியும் அவர் மனைவி நல்லம்மாளும். அதையும் கமலநாதன்தான் ஏற்பாடு செய்திருந்தார். தண்ணீர் வரும் குழிகள் நான்கும் இரட்டைப்படை என்பதால் அவையெல்லாம் தன்னுடையவை என்றும் சொல்லிவிட்டார். முதல் பதின்மூன்று குழிகளில் அவர் பந்தை ரப்பர் மரத்துக்குப் பின்னால், மணலில், பக்கி வண்டிகள் போகும் பாதையில் என்று எங்கெங்கோ வைத்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டேன். “நல்லா எடுத்த,” என்பார், கடைநிலை ஊழியரைத் தட்டிக்கொடுக்கும் மேலாளர் மாதிரி. அப்படியும் நாங்கள் ஒரு குழி முன்னால் இருந்தோம். நான் ஜெயிக்க ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன்.

பதினான்காவது குழியில் குளம். சாமர்த்தியமாகப் பக்கவாட்டில் அடித்துச் சுற்றிப் போகலாம், யாரும் தடுக்கவில்லை. பக்கிரிசாமி பார்த்துக்கொண்டிருந்ததால் கமலநாதன் பெரிய மட்டையை எடுத்தார். பந்து பாதி தூரத்தில் களைத்துப்போய்த் தண்ணீரில் விழுந்தது. அபராதம் ஒன்று. விதிப்படி குளத்தின் இக்கரையில் வேறு பந்தைப் போட வேண்டும். அடுத்த அடி என்னுடையது.

அக்கரையில் கொடி நூற்றிருபது மீட்டரில் நின்றது. நான் அடிக்கக்கூடிய தூரம்தான், அது அவருக்கும் தெரியும். அதனால்தான் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

“ஏத்திடு சீதா. டத்தோ பாக்குறாரு.”

பையில் கைவிட்டேன். நீள மட்டையின் தலை கையில் பட்டது. அதை விட்டுவிட்டு மிகக் குட்டையான மட்டையை உருவினேன். பந்துக்குப் பக்கத்தில் நின்று, கரையோரமாகவே ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டு முழம் உருண்டு நல்ல சமதளமான புல்லில் போய் நின்றது.

“என்ன பண்ற நீ?” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

“உங்க முறைங்க.”

பக்கிரிசாமி எதுவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நல்லம்மாள், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அந்த அம்மாள், “நல்ல எடமா வெச்சிருக்கு. அடிங்க தம்பி,” என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

எங்களுக்குப் பின்னால் அடுத்த குழு இரண்டு பக்கிகளில் வந்து காத்திருந்தது. கமலநாதன் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பந்தின் மேல் குனிந்தவர் நிமிர்ந்து பக்கிரிசாமியைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தார். குளத்தின் நடுவில் ஒரு உடும்பு தலையை மட்டும் வெளியே நீட்டி, அவசரமே இல்லாமல், தண்ணீரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினேன்.