அண்ணாச்சியின் ஐந்து சால்வைகள்

கூடலூரில் ஒருவரைக் கௌரவிக்க ஒரு மைக்கும் ஒரு சால்வையும் போதும். மைக்கை வாடகைக்கு எடுப்பார்கள். சால்வையை யாரும் எடுப்பதில்லை; அது எங்கிருந்தோ வரும், யார் தோளிலோ விழும், போட்டோக்காரர் கேமராவை இறக்குவதற்குள் அதுவும் இறங்கி, பிளாஸ்டிக் கவருக்குள் புகுந்து, அடுத்த விழாவுக்குப் புறப்பட்டுவிடும். பள்ளி ஆண்டுவிழாவில் பார்த்த அதே சால்வையைக் கோயில் கும்பாபிஷேகத்தில் பார்க்கலாம். கொஞ்சம் பொறுமை இருந்தால் சர்ச் அசன விருந்திலும் பார்க்கலாம். மதச்சார்பின்மை என்றால் என்னவென்று இந்தப் பள்ளத்தாக்கில் சால்வைகளுக்குத்தான் சரியாகத் தெரியும்.

இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் சாராள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இரண்டு தறி போட்டுப் பருத்திச் சால்வை நெய்து விற்கிறாள். கரையில் வாழைநாரும் சேர்ப்பாள். வாழை வெட்டுகிற தோட்டங்களில் எறிகிற மட்டையை வாங்கி, சீவி, உலர்த்தி, நாரெடுத்து அவள் படுகிற பாட்டைப் பார்த்தால் யாருக்கும் தானாக ஒரு சால்வை வாங்கத் தோன்றும். ஆனால் யாரும் பார்ப்பதில்லை. மிஞ்சின நாரில் பை முடைவாள். தேக்கடி போகிற டூரிஸ்டுகள் அதை வாங்குவார்கள். சால்வை உள்ளூருக்கு. அதையும் ஒருதரம் வாங்கினவர் மறுதரம் கடைப்பக்கம் வரமாட்டார். கிழிந்தால்தானே வருவார்? போர்த்தினால்தானே கிழியும்?

இரண்டாவது தறியில் உட்காருகிறவள் சந்தனம்மாள். முன்பு ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கோணலாகச் சேர்ந்த எலும்பு. குளிர்காலத்தில் இன்றைக்கும் வலிக்கும். ஆறு வருஷத்துக்கு முன் சாராளிடம் தொழில் கற்றுக்கொண்டு, இப்போது சாராளுக்கே குறை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சால்வை நெய்தாலும் எங்காவது ஓரிடத்தில் ஒரே ஒரு கறுப்பு இழையை ஓட்டிவிடுவாள். திருஷ்டிக்கு. ஒன்றில் கரையோரம், ஒன்றில் நடுவில், இன்னொன்றில் முந்தி விளிம்பில் என்று இடம் மட்டும் மாறும். சர்ச்சுக்குத் தவறாமல் போகிற சாராள் ஆரம்பத்தில் சண்டை போட்டாள்.

"எல்லாத்தையும் கர்த்தர் பாத்துக்கிடுவாரு. கறுப்பு நூல எடு."

"அவரு பாக்கட்டும்க்கா, வேணாங்கல. ஊருக்காரன் பாக்குறானே, அதுக்குத்தான் இது."

கறுப்பு இழை நிலைத்துவிட்டது.

இந்த மார்கழியோடு இரண்டு மாதமாக ஒரு சால்வைக்கும் ஆர்டர் இல்லை. அலமாரியில் பையும் கைத்துண்டும்தான் இருந்தன. சந்தனம்மாள் தறியில் மட்டும் கடைசி நூலைப் போட்டு நெய்த சால்வை ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. சனிக்கிழமை அதை நெய்து முடித்துவிட்டு, தறியிலிருந்து அறுக்காமல், அதைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"திங்கக்கெழம ஏலத்தோட்டத்து ஜீப்புக்குச் சொல்லிட்டேன்க்கா. ஜீப் ஓட்டுற சுருளியாண்டி அண்ணன் எடம் இருக்குன்னாக."

"அந்தக் கைய வெச்சுக்கிட்டா?"

"எனக்குக் கை மட்டுமா இருக்கு? வாயும் இருக்குல்ல, அதுக்குச் சோறு வேணும்ல."

இந்த வாயாடி இல்லாமல் ஒற்றைத் தறிச் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிற நாளை நினைத்துப் பார்க்கவே சாராளுக்குப் பிடிக்கவில்லை. போகாதே என்று சொல்லலாம். சொல்லிவிட்டுக் கொடுக்க வேலை வேண்டுமே.

அன்று சாயங்காலமே சங்கரலிங்கம் அண்ணாச்சி கடைக்கு வந்தார். ஹார்டுவேர் கடை முதலாளி, வியாபாரிகள் நலச்சங்கச் செயலாளர். ஆணி கேட்டுப் போகிறவனுக்குச் சுத்தியலையும் சேர்த்து விற்கிற சாமர்த்தியசாலி.

"நாளைக்கு நம்ம சங்க ஆண்டுவிழாத்தா. முப்பது பேரக் கௌரவிக்கிறோம். சிறந்த நெசவாளர்னு ஒனக்கு ஒரு விருது."

முப்பது என்ற எண் காதில் விழுந்ததும் சாராளுக்கு உடம்பு ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அப்ப முப்பது சால்வ வேணுமே அண்ணாச்சி? ரெண்டு மாசம் தள்ளி வெச்சீகன்னா…"

"சால்வயெல்லாம் இருக்குத்தா. அஞ்சு இருக்கு."

"முப்பது பேருக்கு அஞ்சா?"

அண்ணாச்சி வெட்கப்படவில்லை. தான் கண்டுபிடித்த முறையை விளக்க ஆள் கிடைத்த சந்தோஷம்தான் முகத்தில் தெரிந்தது. "அஞ்சஞ்சு பேரா மேடைக்கு ஏத்துவோம். போத்துவோம். போட்டோ. பின்பக்கப் படியில நம்ம கடை ராக்கப்பன் கவரோட நிப்பான். அவன்கிட்ட சால்வயக் குடுத்துட்டு விருத மட்டும் கொண்டு எறங்கிரணும். உள்ளூர் ஆளுகதானே, நமக்குள்ள என்ன? கடைசியா சிறப்பு விருந்தாளி சீனிச்சாமி தேனியிலருந்து வாராக. அவுகளுக்கு மட்டும் அஞ்சுல நல்லதா ஒண்ணு, கையோட கொண்டுபோக."

"நெசவுக்கு விருது குடுப்பீக, சால்வ மட்டும் வாங்க மாட்டீக. அப்படித்தானே?"

"விருது வேற, வியாவாரம் வேறத்தா," என்று சொல்லிவிட்டு, அலமாரியில் இருந்த கைத்துண்டு ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்து, மறுபடி மடித்து அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. விழாவுக்கு வந்த கூட்டமில்லை. சாப்பாட்டு டோக்கனுக்கு வந்த கூட்டம். சந்தனம்மாளும் டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சியின் முறை கடிகாரம் மாதிரி ஓடியது. ஐந்து பேர் ஏறினார்கள், ஐந்து பேர் இறங்கினார்கள். அவர்கள் தோளில் இருந்தது ராக்கப்பன் கை வழியாக அடுத்த ஐவரின் தோளுக்கு வந்தது. ஒரு கட்டத்தில் ராக்கப்பன் கவரில் போடுவதைக்கூட விட்டுவிட்டான்.

ஆறாவது வரிசை கடைசி வரிசை. அதில் சாராள் ஏறினாள். பக்கத்து நாற்காலியில் சுருளியாண்டி, விபத்தில்லாத ஜீப் ஓட்டுநர் விருதுக்காக. அடுத்து ஒரு டீக்கடைக்காரர், ஒரு தையல்காரர், ஒரு திராட்சைத் தோட்டக்காரர். தோட்டக்காரர் தன் உபயமாகப் பன்னீர் திராட்சை ஜூஸ் கொண்டுவந்திருந்தார். மேடையில் ஆளுக்கொரு டம்ளர்.

அண்ணாச்சி சாராளுக்குச் சால்வை போர்த்தினார். கைதட்டல். சாராளின் விரல் தன் பழக்கத்தில் கரையைத் தடவியது. வாழைநார் தட்டுப்பட்டது. முந்தி விளிம்புக்குப் போனது. அங்கே ஒரு கறுப்பு இழை.

அவள் கடைச் சால்வை. இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணாச்சியே வாங்கிப் போனது. இன்னும் போட்ட கஞ்சி கலையவில்லை. அட்டைபோல விறைப்பாக நின்றது. இரண்டு வருஷமாக எத்தனை தோள் ஏறியதோ, ஒரு ராத்திரி ஒரு ஆளுடைய குளிரைத் தாங்கியிருக்காது. சந்தனம்மாள் நாலு நாள் குனிந்து நெய்த துணி இது. நாளைக்கே அவள் ஜீப்பேறப் போகிறாள், இது மட்டும் மேடை மேடையாக ஏறிக்கொண்டிருக்கும். சாராளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

ஜூஸை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தாள். உதட்டிலும் தாடையிலும் ஊதா வழிந்தது.

"அம்மா, வாயத் தொடச்சுக்கங்க, போட்டோ எடுக்கணும்," என்றார் போட்டோக்காரர்.

சாராள் சால்வையின் முனையை எடுத்துத் துடைத்தாள். வாயை, தாடையை, பிறகு சாவகாசமாகக் கழுத்தையும். எத்தனை துவைத்தாலும் போகாத பன்னீர் திராட்சைக் கறையைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டபம் கப்சிப் ஆனது.

"ஏத்தா! ஏத்தா சாராளு! என்ன செய்யுற?" அண்ணாச்சிக்குக் குரல் கீச்சென்று வந்தது.

"துணிதானே அண்ணாச்சி? தொடச்சா தொடைக்கும்."

சுருளியாண்டிக்கு ஒரு வாரமாக ஜலதோஷம். அத்தனை நேரமும் மரியாதைக்காக உறிஞ்சிக்கொண்டே இருந்தவர், "அப்ப நம்மளும் செய்யலாமா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் மூக்கைச் சிந்திய சத்தம் மைக் வழியாகப் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் டம்ளர் சால்வைமேல் கவிழ்ந்தது. தையல்காரர் தன்னுடையதைத் தலைப்பாகையாகக் கட்டி, முடிச்சும் போட்டு, "எனக்கு இது நல்லாருக்கு, தரமாட்டேன்," என்றார். திராட்சைத் தோட்டக்காரர் ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் தன் சால்வையாலேயே சிந்திய ஜூஸைத் தரையிலிருந்து ஒற்றியெடுத்தார். சுத்தமான மனிதர்.

ஐந்தும் போயிற்று. சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் வெடி வெடித்தது. சீனிச்சாமியின் கார் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரில் ஜவுளிக்கடை ஒன்றும் திறந்திருக்காது. அண்ணாச்சி சாராளின் காதோரம் குனிந்தார்.

"கடையில சால்வ இருக்காத்தா?"

"தறியில ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அது சந்தனம் நெய்தது. அறுக்கணுமா வேணாமான்னு அவளத்தான் கேக்கணும். அந்தா, அங்கன இருக்கா."

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி கடைசி வரிசைக்கு ஓடினார். சாராள் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனம் இளகிய மனசுக்காரி, ஒன்றும் கேட்காமல் உடனே எழுந்து ஓடிவிடுவாள் என்று பயந்தாள். சந்தனம்மாள் எழுந்திருக்கவேயில்லை.

"நாளையிலருந்து நான் ஏலத்தோட்டத்து ஆளு அண்ணாச்சி," என்றாள். அடங்கிக் கிடந்த மண்டபத்தில் அவள் குரல் மேடை வரை கேட்டது. "நெசவுக்காரி வேணும்னா நெசவு இருக்கணும்ல?"

"என்னத்தா வேணும்? சட்டுனு சொல்லு, அவுக எறங்கிட்டாக!"

"இன்னைக்கு மேடை ஏறுன முப்பது பேருக்கும் ஆளுக்கொண்ணு. புதுசா. படியில ராக்கப்பன் அண்ணன் நிக்கப்படாது."

வாசலில் மேளம் தொடங்கியது. அண்ணாச்சி வாசலைப் பார்த்தார், சந்தனம்மாளைப் பார்த்தார்.

"சரித்தா, சரி!"

"முப்பது பேருக்கும் கேக்கலயே அண்ணாச்சி."

அண்ணாச்சிக்குக் கம்பி லாரிக்காரனைத் தெருமுனையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய தொண்டை. "முப்பது பேருக்கும் முப்பது புதுச் சால்வ! சங்கம் குடுக்கும்!" என்று கத்தினார். நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கடைசியாக விசிலடித்தது ராக்கப்பன்.

அப்புறம்தான் சந்தனம்மாள் ஓடினாள். சீனிச்சாமி மாலைகளை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டு மேடை ஏறுவதற்குள் சால்வை வந்துவிட்டது. கஞ்சி இல்லை, மடிப்பு இல்லை, கவர் இல்லை. முந்தி நூல் முடியப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதைப் போர்த்தினார். ஆயிரம் மேடை கண்ட சீனிச்சாமியின் கை வழக்கப்படி அதை உருவப் போனது. பாதியில் நின்றது. குமுளி மலையிலிருந்து இறங்கிய குளிர்காற்று மண்டபத்துக் கதவு வழியாக வீசிக்கொண்டிருந்தது. அவர் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டார்.

"மெத்துனு இருக்கேய்யா," என்றார்.

நாற்பது நிமிஷம் பேசினார். என்ன பேசினார் என்று ஒருவருக்கும் தெரியாது. சால்வை இறங்குகிறதா இல்லையா என்றுதான் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கவில்லை. அப்படியே போர்த்தியபடி காரேறித் தேனிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் சாராள் கடையைத் திறந்து தறியில் உட்காராமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்வார்த்தைதானே, அண்ணாச்சி ராத்திரியோடு மறந்திருப்பார், சந்தனமும் மலையேறிப் போயிருப்பாள். ஜீப் ஹாரன் கேட்டது. சுருளியாண்டியின் ஜீப், ஆட்களை அடைத்துக்கொண்டு சந்துமுனையில் நின்றது. சந்தனம்மாள் தூக்குச்சட்டியோடு இறங்கினாள்.

"போற வழிதானேன்னு இங்கன எறக்கிவிட்டாக," என்றாள் ஒன்றும் நடக்காதது மாதிரி. சுருளியாண்டியின் தலையில் நேற்றைய சால்வை காதை மூடிக் கட்டியிருந்தது. துவைத்தாரா என்று சாராள் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நூல்தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். ஊர் முழுக்கக் கேட்ட வாக்கு. வராமல் எங்கே போவார்? முப்பதுக்கும் முன்பணம் கொடுத்தார். போகிறவர் படியில் நின்று திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணுத்தா. அந்தக் கறுப்பு நூலு மட்டும் வேணாம். பாக்க நல்லாருக்காதுல்ல."

கறுப்பு நூல் இருந்தால் மறுபடி மேடையேறுகிற சால்வையை ஊர் அடையாளம் கண்டுவிடும்; எதைப் பார்க்க, யார் பார்க்க என்று இருவருக்கும் விளங்கிவிட்டது. சாராள் வாயைத் திறப்பதற்குள் சந்தனம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஆகட்டும் அண்ணாச்சி."

அவர் தலை மறைந்ததும் கறுப்பு நூல்கண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன்பணத்தில் வாங்கிய நூல் தறியேறியதும் முதல் சால்வையில் ஒரு கறுப்பு இழை ஓட்டினாள். நாலு விரல் தள்ளி இன்னொன்று ஓட்டினாள்.

"என்னடி ரெண்டு?" என்றாள் சாராள்.

"ஒண்ணு ஊர்க்கண்ணுக்குக்கா. ஒண்ணு அண்ணாச்சி கண்ணுக்கு."