பின்டர் வீட்டு வாசல்

பின்டர் என்ற குடும்பப் பெயருள்ளவர் எந்த வீட்டில் இருந்தாலும், ஐந்து மைல் சுற்றளவில் வழிதவறிய உயிரெல்லாம் அந்த வாசலுக்கு வந்து நிற்கும். இங்கிலாந்தில், யார்க்ஷயரின் ஆல்தர்பி கிராமத்தில் 1931-ல் வெண்ணெய் விலையைப் போல இதுவும் எல்லோருக்கும் தெரியும். முற்காலத்தில் பயிரை மேயும் மாடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைக்க ஊர் ஓர் ஆளை வைத்திருந்தது. அவரைப் பின்டர் என்றார்கள். பிறகு வேலை போயிற்று, பட்டியின் கற்களும் போயின. பெயர் மட்டும் பிள்ளைகளோடு தங்கிவிட்டது. ஆடுமாடுகளுக்கு அந்த வேலை போன சேதி எட்டவில்லை.

ஹெஸ்டர் பின்டரின் வாசலில் நான்கு ஆண்டுகளாக அவளுடைய அப்பா ஆம்பிரோஸும் அப்படி வந்து நின்றார். ஞாபகம் தப்பியவர், மேட்டுப் புல்வெளியில் அலைந்துவிட்டு, மாலையில் செம்மறிகளோடு திரும்பிவிடுவார். அதனால்தான் தபால்காரன் சிரில் ஓக்டனை அவள் மணக்கவில்லை.

"அவர் வெளிய போயிருக்கறப்ப வீட்டுக்குள்ள ஒரு பின்டர் இருக்கணும். நான் உன்னைக் கட்டிக்கிட்டு ஓக்டன் ஆயிட்டா எந்த வாசலுக்கு வருவார்?"

"அப்ப நான் பின்டர் ஆயிடறேன். ஊர் நாயெல்லாம் என்னைத் துரத்துது, இனிமே வீட்டுக்கே வரட்டும்."

"முதல்ல உன் வாசலுக்கு ஏதாவது வரட்டும். அப்புறம் கல்யாணம்."

அந்த நாட்டில் பெயர் மாற்றப் பத்திரம் வேண்டாம். ஊர் எப்படிக் கூப்பிடுகிறதோ அதுதான் பெயர்; தேவாலயத்தில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பிலும் அதையே வாசிப்பார்கள். ஊரும் சிரிலை மனமாரப் பின்டர் என்றே கூப்பிட்டது. ஆனால் இரண்டு மாதமாகச் சிரிலின் வாசலுக்கு ஒரு பூனைகூட வரவில்லை.

"மூணு தடவை கத்தினாத்தான் திரும்பறான்," என்றார் மதுக்கடைக்காரர். "டேய் பின்டர்! உன்னைத்தான்!"

பெயர் ஒட்டுவதற்குக் கூப்பிடுகிறவர் மட்டும் போதாது, திரும்புகிறவரும் வேண்டும். அதன்பின் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க அவன் பழகிக்கொண்டான்.

நவம்பரில் ஒருநாள் மூடுபனி இறங்கியது. பொழுது சாய்ந்தும் ஆம்பிரோஸ் வரவில்லை. ஹெஸ்டர் உதவி கேட்டுச் சிரில் வீட்டுக்கு ஓடினாள். அங்கே வாசலில், இரண்டு செம்மறிகளுக்கும் ஒரு வாத்துக்கும் நடுவில், தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்பா நின்றார்.

"பின்டர் வீடு இதானேம்மா?" என்று அவளையே கேட்டார். "எவ்வளவு நேரமாத் தட்டறது!"

"இதேதாம்ப்பா," என்றாள். நான்கு ஆண்டுகளில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு முழுதாக வந்தது.

மறுநாள் தபால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. பின்டர் வாத்தை அதன் வீட்டில் கொண்டுபோய்விடப் போயிருந்தார் என்று பேசிக்கொண்டார்கள்.